சீட்டு உள்ளவர்கள் மட்டும்

மாத்தளையில் வீடு வாங்க வருகிறவர்களைவிட வீடு பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம் என்பது தரகர் மகேஸ்வரனின் தீர்மானமான கருத்து. இருபது வருடமாகக் காணி, வீடு என்று அலைகிற மனிதர் சொல்வதை நாமும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சிலர் கோயிலுக்குப் போவார்கள், சிலர் சந்தைக்குப் போவார்கள். மீதிச் சனம் மகேஸ்வரனுக்குப் போன் போட்டு, அடுத்தவன் வீட்டு அறைகளை எண்ணிப் பார்க்கக் கிளம்பிவிடும். செலவில்லாத பொழுதுபோக்கு. ஆட்டோவுக்கு ஊற்றுகிற பெற்றோல் மட்டும் மகேஸ்வரனுடையது.

இப்போது அவர் கையில் இருந்தது ஒரே ஒரு வீடு, அலுவிகாரையில் ஸரீனா டீச்சருடைய வீடு. மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாரும் தாங்களே போனில் விளம்பரம் போடப் பழகிவிட்டார்கள். டீச்சர் மட்டும் பழைய பழக்கத்தில் சாவியை இவரிடம் கொடுத்து ஆறு மாதமாகிறது. முப்பது வருடம் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கணவர் மௌத்தான பிறகு தனியாக இருக்கிறார். வீட்டை விற்றுவிட்டுக் கலேவெலயில் இருக்கும் மகள் பஹ்மிதாவோடு போய் இருக்கலாம் என்று எண்ணம். தைப்பொங்கலுக்குப் பிறகு மகேஸ்வரன் ஒரு வீடும் விற்கவில்லை. இந்த வீடும் கைநழுவினால் தன்னைத் தரகர் என்று சொல்லிக்கொள்ள ஆட்டோவின் பின்னால் எழுதியிருக்கிற போன் நம்பர் மட்டும்தான் மிஞ்சும் என்று அவருக்கே தெரியும்.

ஆறு மாதத்தில் அந்த வீட்டைப் பார்க்க வந்தவர்களைப் பற்றிச் சொன்னால் வாய் நாறும். ஒரு குடும்பம் வான் பிடித்துப் பதினோரு பேராக வந்து, சுவரையெல்லாம் தட்டிப் பார்த்து, முற்றத்தில் நின்று படம் பிடித்து, கடைசியில் "வாடகைக்குக் குடுப்பாங்களா?" என்று கேட்டது. இன்னொரு அம்மாள் நேராகக் குசினிக்குள் போய் டீச்சரின் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். வீட்டோடு அதையும் விற்கிறார்களோ என்று நினைத்தாளாம். ஒருவர் திசைகாட்டி கொண்டுவந்து ஒவ்வொரு மூலையிலும் வைத்துப் பார்த்து, கக்கூஸ் இருக்கிற திசை சரியில்லை என்று டீச்சரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். பிறகு விசாரித்ததில், அவருக்கு வீடு வாங்குகிற யோசனையே இல்லை, திசைகாட்டி புதிது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் பொறுமையின் எல்லைக்கு வந்துவிட்டார்.

"தம்பி, இது வூடா, கண்காட்சியா? கண்டவங்க எல்லாம் வந்து ஏன்ட அலமாரியத் தொறந்து பார்த்துட்டுப் போறாங்க. இனி ஒரு கூட்டம் சல்லியில்லாம சும்மா பார்க்க வந்துச்சின்டா, அன்டைக்கே சாவிய வாங்கிருவேன். செல்லிட்டேன்."

"இனி வராது டீச்சர். நானே வடிகட்டித்தான் கூட்டிட்டு வருவேன்."

"எப்படி வடிகட்டுவீங்க?"

"கேள்வி வச்சிருக்கேன் டீச்சர். பாஸ் பண்ணினாத்தான் வீடு."

கேள்வி என்ற சொல் டீச்சருக்குப் பிடித்திருந்தது. மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

மகேஸ்வரனின் கேள்விகள் மூன்று. கைக்காசா, லோனா? லோன் என்றால் இவ்வளவு தருவோம் என்று பேங்க்காரன் எழுதிக் கொடுத்த கடிதம் கையில் இருக்கிறதா? முடிவெடுக்கிறவர்கள் எல்லாரும் ஒரே தடவையில் வருவீர்களா, இல்லை மாமனார் தனியாக, மச்சான் தனியாக என்று தவணை முறையில் வருவீர்களா? ஒருவரிடமும் முகத்தில் அடித்தாற்போல் "உன்னிடம் எவ்வளவு இருக்கிறது?" என்று அவர் கேட்பதில்லை. அது மரியாதையில்லை என்பது அவர் கட்சி. மனிதனின் மடியைத் தடவிப் பார்ப்பதைவிட ஒரு துண்டுக் காகிதத்தைக் கேட்பது கௌரவம் அல்லவா?

இதில் இரண்டாவது கேள்விதான் அவருடைய உயிரை வாங்கியது. முதலில் "கடிதம் இருக்கா?" என்று கேட்டுப் பார்த்தார். நம் சனத்துக்குக் கடிதம் என்றால் வேறு அர்த்தம். ஒருவர் கிராம சேவகரிடம் நற்சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். இன்னொருவர் கோயில் தலைவர் கையெழுத்துப் போட்ட சிபாரிசுக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நீட்டினார். 'இவர் ஒழுக்கமானவர், எவ்வித கெட்ட பழக்கமும் அற்றவர்.' ஒழுக்கத்தை வைத்து என்ன செய்வது, அலுவிகாரையில் ஒரு பேர்ச் காணி வாங்க முடியுமா? பேங்க்காரர்கள் அந்தக் கடிதத்துக்கு வைத்திருக்கிற இங்கிலீஷ் பெயரைச் சொல்லிப் பார்த்தார். மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள்.

யோசித்து யோசித்து மகேஸ்வரன் ஒரு சொல்லைக் கண்டுபிடித்தார். சீட்டு. பேங்க் சீட்டு. சின்னச் சொல், எல்லாருக்கும் தெரிந்த சொல். மருந்துக்குச் சீட்டு, பஸ்ஸுக்குச் சீட்டு, லோனுக்குச் சீட்டு. தன் கெட்டிக்காரத்தனத்தில் தானே மயங்கி, விளம்பரத்திலும் சேர்த்துவிட்டார்: 'அலுவிகாரையில் அழகிய வீடு, 12 பேர்ச். சீட்டு உள்ளவர்கள் மட்டும் அழைக்கவும். விலை நேரில்.' சொல்லச் சொல்லப் பேங்க் என்பதும் உதிர்ந்துபோய், வெறும் சீட்டு என்று நின்றுவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

விலையை விளம்பரத்தில் போடுவதா? அந்தப் பாவத்தை அவர் செய்யமாட்டார். விலையை முதலில் சொல்கிறவன் தோற்றான் என்பது தொழிலில் பாலபாடம். முதலில் வீட்டைக் காட்டி ஆசையை மூட்ட வேண்டும். பிறகு "நீங்க எவ்வளவு போடுறீங்க?" என்று கேட்க வேண்டும். அவன் ஒன்று சொல்ல, நாம் வானத்தைப் பார்க்க வேண்டும். இருபது வருடமாக அப்படித்தான் நடக்கிறது.

ஒரு சனிக்கிழமை காலை ஒரு பெண்ணிடமிருந்து போன் வந்தது. பெயர் நிரஞ்சனி. இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் ஒற்றை அறை வீடு, வேலை கார்மண்ட்ஸில். கணவன் ஜீவராஜ் கொழும்பில் மேசன் வேலை, மாதம் ஒரு தடவை வருவான், இந்த வாரம் வந்திருக்கிறான்.

"விளம்பரம் பாத்தேண்ணே. வீடு என்ன வெலங்கண்ணே?"

"வந்து பாருங்க தங்கச்சி. வெல எங்க ஓடிப்போகுது, பேசிக்கலாம். மொதல்ல நான் கேக்குறதுக்குச் சொல்லுங்க. கைக்காசா, லோனா?"

"கொஞ்சம் கைக்காசு இருக்குங்கண்ணே. மிச்சம் சீட்டுல."

மகேஸ்வரன் ஆட்டோவை ஓரங்கட்டினார். கேட்பதற்கு முன்பே சீட்டு என்று சொல்கிற முதல் மனுஷி.

"சீட்டு இப்ப கைல இருக்கா?"

"இருக்குண்ணே. போன மாசந்தான் வந்துச்சு."

"முழுசா வந்துச்சா, கொறச்சுக் குடுத்தாங்களா?"

"முழுசாத்தாண்ணே. கழிவே இல்ல."

கழிவு என்ற சொல் லேசாக இடறியது. பேங்க்காரன் ஏதோ கட்டணம் கழிப்பான், அதைச் சொல்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டார். மனம் ஒன்றை விரும்பிவிட்டால் காதுக்கு வேறு என்ன வேலை?

"முடிவெடுக்கிறது யாரு?"

"நானும் இவரும் மட்டுந்தாண்ணே. வேற யாரும் இல்ல."

மூன்றுக்கு மூன்று. மகேஸ்வரன் உடனே டீச்சருக்குப் போன் போட்டார். "நாளைக்குப் பத்து மணிக்கு ஆள் வருது டீச்சர். பாஸ் பண்ணின ஆளுங்க."

ஞாயிறு சொன்ன நேரத்துக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அதுவே அதிசயம். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்கள். அலமாரியைத் திறக்கவில்லை, சுவரைத் தட்டவில்லை, படம் பிடிக்கவில்லை. ஜீவராஜ் கூரை மரத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "தேக்கு. நல்ல வேலை" என்றான். நிரஞ்சனி கிணற்றை எட்டிப் பார்த்து, "ஆவணியில வத்துமா டீச்சர்?" என்று கேட்டாள். ஆறு மாதத்தில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. டீச்சர் அப்படியே இளகிப்போய், தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போய்ச் சாதிக்காய் மரத்தையும் மிளகுக் கொடியையும் காட்டி, எந்த மாதம் என்ன காய்க்கும் என்றெல்லாம் சொன்னார். திரும்பி வந்ததும் இஞ்சி போட்ட பிளேன்டீ வந்தது. மகேஸ்வரனுக்கு இதுவரை அந்த வீட்டில் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை.

டீச்சர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு மெல்லச் சொன்னார்: "நல்ல ஆக்கள் தம்பி. வெலயில அஞ்சு லட்சம் கொறச்சாலும் பரவால்ல. இந்த வூடு நல்ல கைக்குப் போவட்டும்."

மகேஸ்வரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இதுதான் தொழில் என்று நினைத்தார். கேள்வி சரியாக இருந்தால் ஆள் சரியாக வரும். இதை முன்பே செய்திருந்தால் அந்தத் திசைகாட்டிக்காரனுக்கு எரித்த பெற்றோலாவது மிஞ்சியிருக்கும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசு மாதிரித் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்ப தங்கச்சி, அந்தச் சீட்ட ஒருக்கா காட்டுங்க. டீச்சரும் பாத்துக்கட்டும்."

நிரஞ்சனி கைப்பையைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்தாள். மூலை மடங்கிய, நீல அட்டை போட்ட பள்ளிக்கூடக் கொப்பி. மகேஸ்வரன் கொப்பிக்குள் மடித்து வைத்திருக்கிற பேங்க் கடிதம் விழும் என்று கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் விழவில்லை. அவள் கொப்பியையே விரித்து அவர் முன்னால் வைத்தாள்.

முப்பது பெயர்கள். மல்லிகா, சர்மிளா, மெஷின் தினுஷா, கெண்டீன் அக்கா. ஒவ்வொரு பெயருக்கும் நேரே மாதத்துக்கு ஒரு சரி அடையாளம்.

"இது என்ன தங்கச்சி?"

"சீட்டுங்கண்ணே. நீங்கதானே காட்டச் சொன்னீங்க. எங்க ஃபெக்டரியில புடிக்கிறது. முப்பது பேரு, ஆளுக்கு மாசம் இருபதாயிரம். போன மாசம் எனக்கு விழுந்துச்சு, கழிவில்லாம முழுசா."

சீட்டு! இருபது வருடம் இந்த ஊரில் குப்பை கொட்டியவருக்கு, தாயும் மனைவியும் மாதம் தவறாமல் சீட்டுப் பிடிக்கிற வீட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு, சீட்டு என்றால் சனத்துக்கு எது ஞாபகம் வரும் என்று தோன்றாமல் போயிற்றே! தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல வந்தது. ஆனால் எரிச்சல் எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தானே ஓடும்? அது நிரஞ்சனியின் மேல் போய் விழுந்தது.

"ஆறு லட்சமா? ஆறு லட்சத்த வச்சிக்கிட்டா வீடு பாக்க வந்தீங்க?"

"ஒம்போது" என்றான் ஜீவராஜ். அதுவரை அவன் அதிகம் பேசியிருக்கவில்லை. "நான் சேத்தது மூணு இருக்கு."

"நான் கேட்டது பேங்க் சீட்டு தம்பி! பேங்க்! லோன் குடுப்போம்னு அவன் எழுதித் தர்றது! இப்படி வந்து மனுசனோட நேரத்தயும் பெற்றோலயும்..."

"நீங்க பேங்க்குன்னு சொல்லலியேண்ணே" என்றாள் நிரஞ்சனி. குரல் உயரவில்லை. ஆனால் முகம் சிவந்துவிட்டது. "சீட்டு கைல இருக்கான்னு கேட்டீங்க. இருக்குன்னேன். எவ்வளவுன்னு நீங்க கேக்கவே இல்ல. வீடு என்ன வெலன்னு நாந்தான் மொதல்ல கேட்டேன். நீங்க சொல்லல."

டீச்சர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வெல சொல்லலியா?"

"அது டீச்சர், போன்ல எப்படி... நேர்ல வந்த பிறகு..."

"விளம்பரத்துல?"

"விலை நேரில்னு போட்டிருந்திச்சு டீச்சர்" என்று நிரஞ்சனி தன் போனை எடுத்து நீட்டினாள். டீச்சர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை முழுவதும் வாசித்தார். வாசித்து முடித்ததும், மகேஸ்வரன் தன் பள்ளிக்கூடக் காலத்தோடு முடிந்துவிட்டது என்று நம்பியிருந்த ஒரு பார்வை அவர் மேல் வந்து நின்றது.

"அப்ப ஆறு மாசமா இங்க வந்த ஒத்தருக்கும் ஏன்ட வூட்டு வெல தெரியாது?"

"தொழில்ல அப்படித்தான் டீச்சர். வெலய மொதல்ல சொன்னா..."

"நான் அந்த மனிசரையெல்லாம் ஏசினேன், தம்பி. சல்லியில்லாம வாராங்க, வெக்கமில்லையான்டு ஒவ்வொரு கிழமையும் இந்தக் கதிரையில இருந்து ஏசினேன். தொகையே இல்லாத கணக்கக் குடுத்துட்டு விடை பிழையாப் போச்சின்டு செல்லுற வாத்தியாரா நீங்க? கேள்வி வச்சீக்கிறேன்டீங்களே, இதான் அந்தக் கேள்வியா?"

மகேஸ்வரன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"சரி. இப்ப செல்லுங்க. இந்தப் புள்ளைக்கு ஏன்ட வூட்டு வெலய ஒங்கட வாயால செல்லுங்க."

இருபது வருடத் தொழிலில் எதிராளி ஒரு தொகை சொல்லாமல் அவர் விலை சொன்னதே இல்லை. நாக்கு புரளவில்லை. சாதிக்காய் மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நூத்தி முப்பத்தஞ்சு லட்சம்."

ஜீவராஜ் தேநீரை மெல்லக் குடித்து முடித்து, கோப்பையைக் கொண்டுபோய்க் குசினி வாசலில் வைத்துவிட்டு வந்தான். நிரஞ்சனி கொப்பியை மூடிக் கைப்பைக்குள் வைத்தாள்.

"வீடு நல்லா இருக்குங்க டீச்சர்" என்றாள். "டீக்கு நன்றிங்க."

அவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போன பிறகு டீச்சர் உள்ளங்கையை நீட்டினார். மகேஸ்வரன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அதில் வைத்தார். கெஞ்சலாமா என்று ஒரு கணம் நினைத்தார். அந்தக் கையைப் பார்த்ததும் விட்டுவிட்டார்.

"நானே ஒரு அட்டையில வெலய எழுதி கேட்டுல மாட்டுறேன். வாரவங்க தெரிஞ்சிக்கிட்டு வரட்டும். நீங்க அந்தப் புள்ளைகள பஸ்ஸுக்காவது கொண்டுபோய் விடுங்க."

ஆட்டோ மாத்தளையை நோக்கி ஓடியது. மகேஸ்வரனுக்கு எல்லார் மேலும் ஆத்திரமாக வந்தது. டீச்சர் மேல், ஃபெக்டரிச் சீட்டின் மேல், குழிக்குக் குழி தூக்கிப்போடுகிற பாதையின் மேல். கையில் இருந்த கடைசி வீடும் போயிற்று. ஒரு சொல்லால் போயிற்று. அந்தச் சொல்லைக் கண்டுபிடித்த மேதாவி யார்? அதை நினைத்தபோதுதான் ஆத்திரம் எல்லாம் சுற்றிவந்து தன் தலைமேலேயே உட்கார்ந்தது.

"என்னோட ஞாயித்துக்கிழமை எல்லாம் இப்படித்தான் நாசமாப் போகுது" என்று கண்ணாடியைப் பார்த்து முணுமுணுத்தார்.

"எங்களுக்கு இது பதினாலாவது வீடுண்ணே" என்றாள் பின்னாலிருந்து நிரஞ்சனி.

மகேஸ்வரன் வேகத்தைக் குறைத்தார்.

"இவரு மாசத்துல ஒருக்காத்தான் வருவாரு. வாற அந்த ஒரு ஞாயித்துக்கெழமையும் வீடு பாக்கத்தான் போறோம். எல்லாப் புரோக்கரும் வந்து பாருங்கம்பாங்க. பாத்த பிறகு நீங்க எவ்வளவு போடுறீங்கம்பாங்க. சொன்னா, பிறகு கூப்பிடுறேன்னு போயிருவாங்க. ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. எவ்வளவு வேணும்னு மட்டும் யாரும் சொன்னதில்ல. தெரிஞ்சாத்தானேண்ணே, இன்னும் எத்தன வருசம் சேக்கணும்னு ஒரு கணக்குப் பாக்கலாம்?"

பதினான்கு ஞாயிற்றுக்கிழமை. கொழும்பிலிருந்து வருகிற புருஷனோடு கிடைக்கிற பதினான்கு ஞாயிற்றுக்கிழமை. தன் பெற்றோலை மட்டுமே இத்தனை காலம் அளந்துகொண்டிருந்த மனுஷனுக்கு அது நெஞ்சில் தைத்தது.

அவள் வாய்க்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "நூத்தி முப்பத்தஞ்சுல ஒம்போது போனா நூத்தி இருபத்தாறு. இன்னும் இருபத்தொரு சீட்டு. ஒரு சீட்டுக்கு ரெண்டரை வருசம்." விரல் மடக்கி எண்ணினாள். "அம்பத்திரெண்டு வருசத்துக்கும் மேலே" என்று கணவனிடம் சொன்னாள். ஜீவராஜ் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

பஸ் நிலையத்தில் ஆட்டோவை நிறுத்தினார். இறங்காமல் நிரஞ்சனி கேட்டாள்.

"அண்ணே, கோவிச்சுக்காம சொல்லுங்க. ஒம்போது லட்சத்துக்கு எங்கயாச்சும் என்னதான் கெடைக்கும்?"

வந்து பாருங்க தங்கச்சி, பேசிக்கலாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினார். திரும்பி உட்கார்ந்து அவர்கள் இரண்டு பேரையும் நேராகப் பார்த்தார்.

"ஒம்போது லட்சத்துக்கு வீடு கெடையாது தங்கச்சி. மாத்தளையில கெடையாது, உக்குவளையில கெடையாது, யாரு கூப்பிட்டாலும் போகாதீங்க. நாவுலயில ரோட்டுல இருந்து உள்ளுக்கு ஒரு வெறுங்காணி இருக்கு, பத்து பேர்ச். உறுதி சுத்தம். தண்ணி இருக்கு, கரண்ட் இன்னும் வரல. ஏழரை லட்சம். அதுல ஒரு சதம் கொறைக்க மாட்டான், கேட்டுப் பாத்துட்டேன். மிச்சத்துல ஒரு அறை எழுப்பலாம், அவ்வளவுதான்."

நிரஞ்சனி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கணவனின் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று மகேஸ்வரனுக்குப் பிடிபடவில்லை.

"கேட்டீங்களா? போய்ப் பாக்காமலேயே வெல சொல்லிட்டாரு."